ஒரே பழ ஈக்கு நான்கு பெயர்கள்: ‘இன்வாடென்ஸ்’ குறித்த நிகழ்வு ஆய்வு

2003ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கென்யாவின் கடலோரப் பகுதியில் நடந்த பழ ஈக் கணக்கெடுப்பில், ஆப்பிரிக்காவில் அதுவரை யாரும் பதிவு செய்திராத ஓர் ஈ கிடைத்தது. நைரோபியில் இயங்கும் பன்னாட்டுப் பூச்சி உடலியல், சூழலியல் மையமான இசிப்பேயின் ஆய்வாளர்கள் அதைப் பார்த்ததும், ஆசியாவின் ‘பாக்ட்ரோசெரா டோர்சாலிஸ்’ கூட்டத்தைச் (தோற்றத்தில் மிக நெருங்கிய பல இனங்களின் தொகுதி) சேர்ந்தது என்பதை உடனே கண்டுகொண்டனர். ஆனால் அந்தக் கூட்டத்துக்குள் எந்த இனம் என்று கேட்டபோது, அன்றைக்கு நடைமுறையில் இருந்த அடையாளத் திறவுகோல் (உடற்பண்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டு இனத்தைக் கண்டறியும் பட்டியல்) எதிலும் அது ஒழுங்காகப் பொருந்தவில்லை. அதே ஆண்டில் தான்சானியாவிலும், அடுத்த ஆண்டுக்குள் கண்டத்தின் மறுகோடியில் செனகல், பெனின், நைஜீரியா ஆகிய நாடுகளிலும் அதே ஈ பதிவானது. 2005இல் ட்ரூ, சுருதா, வொயிட் ஆகிய வகைப்பாட்டாளர்கள் மூவரும் இலங்கையிலும் ஆப்பிரிக்காவிலும் கிடைத்த மாதிரிகளை அடிப்படையாகக் கொண்டு, இது புதிய இனம் என்று விவரித்து ‘பாக்ட்ரோசெரா இன்வாடென்ஸ்’ என்று பெயரிட்டனர். பத்தே ஆண்டுகளில், 2015இல், அந்தப் பெயர் வெறும் இணைப்பெயராகி (ஏற்கெனவே பெயர் பெற்ற இனத்தின் மறுபெயராகி), ஈ மீண்டும் டோர்சாலிஸ் ஆனது.

ஓர் ஈயின் பெயர் மாறுவதால் மாமரத்துக்கோ விவசாயிக்கோ என்ன வந்தது என்று கேட்கலாம். பழ ஈக்களைப் பொறுத்தவரை, பெயர்தான் பரவல் வரைபடத்தைத் தீர்மானிக்கிறது; எந்த நாட்டின் பழத்தை எந்தத் துறைமுகம் ஏற்கும் என்பதை அந்த வரைபடம் தீர்மானிக்கிறது. இன்வாடென்ஸ் விவகாரத்தில் வகைப்பாட்டியலும் புவியியலும் ஒன்றையொன்று எப்படி இழுத்தன என்பதைத்தான் இந்த ஆய்வு பின்தொடர்கிறது.

பெயர்க் குழப்பம் 2003இல் தொடங்கியதல்ல. டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாப்ரீசியஸ் 1794இலேயே கிழக்கிந்தியாவிலிருந்து வந்த ஒரு மாதிரியை ‘மஸ்கா ஃபெருஜீனியா’ என்று விவரித்திருந்தார். ஆனால் அந்தப் பெயரை ஸ்கோப்போலி 1763இல் வேறோர் ஈக்குச் சூட்டிவிட்டார். ஒரே பெயர் இரண்டு உயிரினங்களுக்கு இருக்கக்கூடாது என்ற முன்னுரிமை விதிப்படி ஃபாப்ரீசியஸின் பெயர் செல்லாது. ஆகவே ஆஸ்திரிய ஈயியல் அறிஞர் ஹெண்டல் 1912இல் தைவானிலிருந்து கிடைத்த மாதிரிகளுக்குச் சூட்டிய ‘டாக்கஸ் டோர்சாலிஸ்’ என்ற பெயர் நிலைத்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தியாவில் வெளிவந்த வேளாண் பூச்சியியல் எழுத்துகளில் ‘டாக்கஸ் ஃபெருஜீனியஸ்’ என்று காணப்படுவது பெரும்பாலும் இதே ஈதான். டாக்கஸ் என்ற பேரினத்திலிருந்து பாக்ட்ரோசெரா தனிப் பேரினமாக உறுதியாகப் பிரிக்கப்பட்டது 1989இல், ட்ரூவின் கையால். பழைய இலக்கியத்தைத் தேடுகிறவர் இந்த மூன்று பெயர்களையும் தேடாவிட்டால் பாதிப் பதிவுகளை இழந்துவிடுவார்.

ஈயின் உருவத்தைக் கொஞ்சம் அருகில் பார்க்க வேண்டும், ஏனென்றால் சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. வீட்டு ஈயின் அளவுதான். மார்பின் இரு பக்கமும், இறக்கை தொடங்கும் இடத்துக்கு மேலாக, ஒவ்வொரு மஞ்சள் கோடு ஓடுகிறது. தோள்பட்டை போன்ற இரண்டு மேடுகளும், மார்பின் பின்முனையில் உள்ள சிறு முக்கோணத் தகடும் அதே மஞ்சள். தெளிவான இறக்கையின் முன்விளிம்பில் மட்டும் ஒல்லியான பழுப்புப் பட்டை உண்டு. வயிற்றின் மேற்புறத்தில் ஆங்கில ‘டி’ எழுத்தைப் போன்ற கறுப்புக் குறி இருக்கும். இவை எல்லாம் இந்தக் கூட்டத்தின் பொது அடையாளங்கள். இவற்றை வைத்து இனங்களைப் பிரிக்க இயலாது. பிரிப்பதற்குக் கையாண்டவை மார்பின் முதுகுத் தகட்டின் நிறம், வயிற்றுக் குறியின் அகலம், கால்களில் கருமை இருக்கிறதா இல்லையா என்பது, பெண்ணின் முட்டையிடும் ஊசியின் நீளம், ஆணின் இனப்பெருக்க உறுப்பின் நீளம் ஆகியவை. டோர்சாலிஸின் முதுகுத் தகடு கறுப்பு என்பதே ஏட்டு விவரணை. கென்யாவில் பிடித்த ஈக்களை ஒரு தட்டில் வரிசையாக வைத்தால் செம்பழுப்பில் தொடங்கி, நடுவில் கறுப்புக் கீற்றுகள் படர்ந்து, மறுமுனையில் முழுக் கறுப்பாக முடியும் ஒரு தொடர் கிடைக்கும். எந்த இடத்தில் கோடு கிழிப்பது? அந்த நிற வேறுபாட்டையே புதிய இனத்தின் பண்பாக 2005இன் விவரணை ஏற்றுக்கொண்டது.

அந்த முடிவுக்குப் பின்னணியாக இருந்தது 1994ஆம் ஆண்டு. அதற்கு முன், 1969இல் ஹவாயைச் சேர்ந்த எல்மோ ஹார்டி இந்தக் கூட்டத்தின் வகைப்பாட்டையும் பரவலையும் பற்றி எழுதியபோதே, டோர்சாலிஸ் என்ற ஒரே பெயரின் கீழ்ப் பல இனங்கள் குவிந்துகிடப்பதைச் சுட்டியிருந்தார். 1994இல் ட்ரூவும் ஹான்காக்கும் ஆசிய மாதிரிகளை ஒரே மூச்சில் மறுஆய்வு செய்து, டோர்சாலிஸ் கூட்டத்தில் 52 இனங்களைப் பட்டியலிட்டனர். அவற்றில் 40 புதியவை. மலேசியத் தீபகற்பம், இந்தோனேசியா, தெற்குத் தாய்லாந்து ஆகிய பகுதிகளின் ஈ ‘பப்பாயே’ ஆனது; பிலிப்பைன்ஸின் ஈ ‘பிலிப்பினென்சிஸ்’ ஆனது; தென்கிழக்காசியாவில் பப்பாயேயோடு சேர்ந்தே வாழும் இன்னொன்று ‘காரம்போலே’ ஆனது. இலங்கைக்குரிய ‘கண்டியென்சிஸ்’ அந்தப் பட்டியலில் வந்ததே. டோர்சாலிஸ் என்ற பெயர் ஆசியப் பெருநிலத்துக்கும் தைவானுக்கும், அங்கிருந்து பெயர்ந்து குடியேறிய ஹவாய் போன்ற இடங்களுக்கும் சுருங்கியது.

இந்தப் பணியைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. காரம்போலேயைத் தனியாகப் பிரித்தது சரியானது என்பதைப் பின்வந்த சோதனைகள் உறுதிசெய்தன. 1975இல் சுரினாம் நாட்டின் பாராமரிபோவில் கிடைத்து, 1986இல்தான் ஆசியப் பழ ஈ என்று அறியப்பட்ட ஈக்கள் காரம்போலேதான் என்று தெரிந்தது இந்த மறுஆய்வுக்குப் பிறகே. அது பின்னர் பிரெஞ்சு கயானா வழியாக 1996இல் பிரேசிலின் அமாபா மாநிலத்துக்குள் நுழைந்தது. தென்னமெரிக்காவில் நுழைந்தது எது, ஆப்பிரிக்காவில் நுழைந்தது எது என்று இன்றைக்கு நாம் பிரித்துப் பேச முடிவது அந்த ஒரு பிரிப்பால்தான். சிக்கல் எழுந்தது பப்பாயே, பிலிப்பினென்சிஸ், பின்னர் இன்வாடென்ஸ் ஆகிய மூன்றில். இவற்றுக்கும் டோர்சாலிஸுக்கும் சொல்லப்பட்ட வேறுபாடுகள் அளவு வேறுபாடுகள். பப்பாயேக்கு முட்டையிடும் ஊசி சற்று நீளம், டோர்சாலிஸுக்குச் சற்றுக் குட்டை, இரண்டுக்கும் இடையே அரை மில்லிமீட்டர் கூட இல்லை.

இந்தப் பெயர்கள் ஏட்டோடு நிற்கவில்லை. 1995 அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸ் அருகே ஒரு பழ ஈ கண்டறியப்பட்டபோது அது பப்பாயே என்று அடையாளம் காணப்பட்டு, வடக்குக் குயின்ஸ்லாந்தில் பெரும் தனிமைப்படுத்தல் வளையம் போடப்பட்டு, 1999இல் ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. ஆப்பிரிக்காவில் இன்வாடென்ஸ் என்ற பெயரே வர்த்தகத் தடைகளின் தலைப்பாயிற்று: 2008இல் அமெரிக்கா இந்த ஈ பரவிய ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து அதற்கு உணவாகும் பழங்களின் இறக்குமதியை நிறுத்தி ஆணை பிறப்பித்தது. தென்னாப்பிரிக்கா 2010இல் தன் வட எல்லையில் இந்த ஈயைக் கண்டு ஒழித்தது. மறுபடி மறுபடி வந்து, 2013இல் லிம்போப்போ மாநிலத்தின் ஒரு பகுதியில் நிலைத்துவிட்டதாக ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒரு விசித்திரமான நிலைமை உருவானது. ஆசியாவின் பெரும்பகுதியில் டோர்சாலிஸ் இருக்கிறது, ஆனால் இன்வாடென்ஸ் ‘இல்லை’. ஆப்பிரிக்காவில் இன்வாடென்ஸ் இருக்கிறது, டோர்சாலிஸ் ‘இல்லை’. எனவே ஆசிய நாடொன்று ஆப்பிரிக்கப் பழத்தைத் தனக்கு இல்லாத பூச்சியின் பெயரால் மறுக்கலாம். ஆப்பிரிக்க நாடும் அதையே திருப்பிச் செய்யலாம். இரு தரப்பு ஆவணங்களும் விதிப்படி சரியாகவே இருக்கும்.

அறிவியல் தரப்பிலும் இதே பிளவு செலவு வைத்தது. ஹவாயிலும் தைவானிலும் தாய்லாந்திலும் டோர்சாலிஸைப் பற்றிப் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்திருந்த அறிவு, அதாவது எந்த வெப்பத்தில் முட்டை பொரிக்கும், பழத்தை எத்தனை நாள் குளிரூட்டினால் புழு சாகும், எந்த ஒட்டுண்ணிக் குளவி அதன் முட்டையைத் தாக்கும் என்பதெல்லாம், இன்வாடென்ஸுக்குப் பொருந்துமா என்று முதலிலிருந்து நிறுவவேண்டியிருந்தது. ஏற்றுமதிக்கான குளிர்ப்பதனச் சிகிச்சை ஒவ்வொன்றும் இனத்தின் பெயரால் அங்கீகரிக்கப்படுவது என்பதால், இது வெறும் கல்விசார்ந்த தயக்கம் அல்ல.

மலட்டு ஆண் ஈக்களை விடுவிக்கும் முறையில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஆய்வகத்தில் வளர்த்துக் கதிர்வீச்சால் மலடாக்கிய ஆண்களைக் கோடிக்கணக்கில் வயலில் விட்டால், காட்டுப் பெண்கள் அவற்றோடு கூடி, பொரியாத முட்டைகளை இடும். ஆண்கள் வேறு இனமாக இருந்தால் பெண்கள் ஏறிட்டும் பார்க்கா; திட்டம் முழுவதும் வீண். ஆகவேதான் உணவு, வேளாண்மை அமைப்பும் பன்னாட்டு அணுசக்தி முகமையும் சேர்ந்து 2010இலிருந்து 2015 வரை, இத்தகைய மறையினங்களை (தோற்றத்தால் பிரித்தறிய முடியாத இனங்களை)த் தெளிவுபடுத்துவதற்கென்றே ஒருங்கிணைந்த ஆய்வுத் திட்டம் ஒன்றை நடத்தின. வியன்னாவுக்கு அருகே சைபர்ஸ்டார்ஃபில் உள்ள ஆய்வகம் அதன் மையங்களுள் ஒன்று.

அங்கே கையாண்ட முறை எளிமையானது, அதனாலேயே வலுவானது. இலைகள் அடர்ந்த மரக்கன்று ஒன்றைச் சுற்றிப் பெரிய வலைக்கூண்டு அமைத்து, இரண்டு பெயர்களைத் தாங்கிய ஈக்களை, தனித்தனி வண்ணப்பொட்டு வைத்து உள்ளே விடுவார்கள். இந்த ஈக்கள் மாலை மங்கும் நேரத்தில்தான் கூடும். அந்திப் பொழுதில் ஆண்கள் இலையின் அடியில் அமர்ந்து இறக்கையை அதிரவைத்து மணத்தைப் பரப்பும். சேர்ந்த ஒவ்வொரு இணையையும் சிறு குப்பியில் பிடித்து, எந்த நிறம் எந்த நிறத்தோடு சேர்ந்தது என்று எண்ணுவார்கள். டோர்சாலிஸ், பப்பாயே, பிலிப்பினென்சிஸ் ஆகியவை யார் எவர் என்று பாராமல் ஒன்றோடொன்று கூடின. இன்வாடென்ஸும் டோர்சாலிஸும் அப்படியே கூடி, வளமான சந்ததியை ஈன்றன. காரம்போலே மட்டும் மற்றவற்றோடு கூடுவதில் தெளிவான தயக்கம் காட்டியது.

மணத்தின் வேதியியலும் இதையே சொன்னது. டோர்சாலிஸ் ஆண்கள் மெத்தில் யூஜினாலைத் தேடி உண்ணும். துளசி உள்ளிட்ட பல செடிகளில் இருக்கும் இந்தப் பொருள் பழ ஈ ஆண்களை ஈர்ப்பதை பீகாரின் பூசாவில் பணியாற்றிய ஹவ்லெட் 1910களில் கண்டறிந்தார். உண்ட மெத்தில் யூஜினாலை ஆண் தன் மலக்குடல் சுரப்பியில் வேறு சேர்மங்களாக மாற்றிச் சேமித்து, பெண்ணை ஈர்க்கப் பயன்படுத்துகிறது. டோர்சாலிஸ், பப்பாயே, பிலிப்பினென்சிஸ், இன்வாடென்ஸ் ஆகிய நான்கின் சுரப்பிகளிலும் ஒரே இரண்டு சேர்மங்கள் இருந்தன. காரம்போலேயில் அவற்றுள் ஒன்று மட்டுமே இருந்தது. குரோமோசோம்களிலும் இழைமணி மரபணு வரிசைகளிலும் நான்கையும் பிரிக்கும் கோடு கிடைக்கவில்லை.

என் பார்வையில் இந்த வழக்கைத் தீர்த்த சான்று புவியியலிலிருந்து வந்தது. மலாய்த் தீபகற்பம் ஆசியப் பெருநிலத்தோடு இணையும் ஒடுங்கிய நிலப்பகுதியான கிரா பூசந்திக்கு வடக்கே டோர்சாலிஸ், தெற்கே பப்பாயே என்பது 1994க்குப் பின் வழக்கமான நம்பிக்கை. இரண்டும் வேறு இனங்களானால், வடக்கிலிருந்து தெற்கு நோக்கி நடந்து ஈக்களைப் பிடிக்கும்போது ஓரிடத்தில் அளவுகள் சட்டென்று மாறவேண்டும். அப்படி நீளமாக மாதிரி எடுத்துப் பார்த்தபோது இறக்கையின் வடிவமும் ஆணுறுப்பின் நீளமும் படிப்படியாக மாறின. முறிவு எங்கும் இல்லை. முந்தைய வகைப்பாட்டாளர்கள் இரு முனைகளிலிருந்து எடுத்த மாதிரிகளை ஒப்பிட்டதால், சரிவின் இரண்டு நுனிகள் இரண்டு இனங்களாகத் தெரிந்தன. அருங்காட்சியகப் பெட்டியில் இருப்பவை பெரும்பாலும் துறைமுகங்களும் ஆய்வுநிலையங்களும் இருக்கும் ஊர்களிலிருந்து வந்தவை. இடைப்பட்ட தோப்புகளிலிருந்து வந்தவை சொற்பம். பரவலை இடைவெளி விட்டுப் பார்த்தால் வகைப்பாடும் இடைவெளியோடுதான் வரும்.

இன்வாடென்ஸின் நிற வேறுபாடும் அப்படியே கரைந்தது. ஆப்பிரிக்க மாதிரிகள் இலங்கை மாதிரிகளோடு நெருக்கமாக ஒத்திருந்தன. ஆனால் செம்பழுப்பு முதுகுடைய ஈக்கள் அந்த இரண்டு இடங்களுக்கு மட்டுமே உரியவை என்ற கருத்து, ஆசியாவின் வேறு பகுதிகளிலிருந்து கூடுதல் மாதிரிகளைப் பார்க்கப் பார்க்க நிற்கவில்லை. இருபது ஆண்டுச் சான்றுகளைத் தொகுத்து, பல நாடுகளைச் சேர்ந்த ஆய்வாளர் குழுவுடன் ஷூட்ஸ் 2015இல் வெளியிட்ட முடிவில், பப்பாயேயும் இன்வாடென்ஸும் டோர்சாலிஸின் இணைப்பெயர்களாக அறிவிக்கப்பட்டன. பிலிப்பினென்சிஸை அதற்கு முன்பே, 2013இல், ட்ரூ குழுவினரே பப்பாயேயுடன் இணைத்திருந்ததால் அதுவும் தானாகவே டோர்சாலிஸுக்குள் வந்தது. ட்ரூவும் ரோமிக்கும் 2016இல் இதை ஏற்காமல் பழைய பெயர்களை மீண்டும் நிறுத்தினர். ஷூட்ஸ் குழு 2017இல் விரிவாக மறுத்தது. உருவப்பண்பு ஒன்றைத் தவிர வேறெதுவும் பிரிக்காத இடத்தில், உருவப்பண்பும் தொடர்ச்சியாக மாறும்போது, பெயரைத் தாங்கிப் பிடிக்க ஒன்றுமில்லை என்பதே அந்த மறுப்பின் சாரம். அதற்கு ஏற்ற பதில் இதுவரை என் கண்ணில் படவில்லை. பன்னாட்டுத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கை 2019இல் ஏற்ற அடையாள நெறிமுறையும் டோர்சாலிஸை இந்த விரிந்த பொருளிலேயே எடுத்துக்கொள்கிறது.

பெயர்கள் ஒன்றானதும் வரைபடம் மறுவரைவு கண்டது. இன்றைக்கு டோர்சாலிஸ் என்றால் பாகிஸ்தான் முதல் பிலிப்பைன்ஸ் வரையிலான ஆசியா, சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி, 1940களின் நடுவில் சென்றடைந்த ஹவாய், 1996இல் நுழைந்த டாஹிட்டி, 2010இல் மடகாஸ்கர், 2017இல் ரியூனியன் என்று ஒரே நிறத்தில் தீட்டவேண்டியிருக்கிறது. 2018இல் இத்தாலியின் கம்பானியா பகுதியில் பொறிகளில் சிக்கியது. ஒழிக்கப்பட்ட இடங்களும் இதே வரைபடத்தில் உண்டு. மரியானா தீவுகளில் ஒன்றான ரோட்டாவில், மெத்தில் யூஜினாலோடு நஞ்சு கலந்த துண்டுகளைத் தூவி, 1960களில் ஆண்களை முழுவதும் தீர்த்து ஈயை அழித்தனர். ஜப்பானின் தென்மேற்குத் தீவுகளில் அதே முறையால் 1986இல் ஒழிப்பு முடிந்தது. கெய்ர்ன்ஸின் பப்பாயே ஒழிப்பும் இப்போது டோர்சாலிஸ் ஒழிப்பாகவே எண்ணப்படும். கண்டமளவுக்குப் பரவி வேரூன்றியபின் ஒழிக்க முடிந்ததாக ஒரு சான்றும் இல்லை. ஆப்பிரிக்காவின் நிலை அதுதான்.

ஒன்றாக்கிய வரைபடம் இன்னொன்றையும் புலப்படுத்தியது. ஹவாயில் டோர்சாலிஸ் வந்தபின், அங்கே முன்பே இருந்த மத்தியதரைக்கடல் பழ ஈ குளிர்ந்த உயரமான இடங்களுக்குத் தள்ளப்பட்டது. கென்யாவின் நுகுருமன் பகுதி மாந்தோப்புகளில் ‘செராடிடிஸ் கோசைரா’ என்ற உள்ளூர்ப் பழ ஈயின் இடத்தை வந்தேறி சில ஆண்டுகளிலேயே பிடித்துக்கொண்டது. இரண்டும் தனித்தனி இனங்களின் கதைகள் அல்ல, ஒரே ஈயின் ஒரே நடத்தை. 300க்கும் மேற்பட்ட பழவகைகளில் முட்டையிட வல்ல ஈ, வெப்பமான தாழ்நிலத்தில் போட்டியாளரை வெல்கிறது. குளிர் கூடும் இடத்தில் அதன் கை தாழ்கிறது. ஹவாயில் அதைக் கட்டுப்படுத்த உதவிய ‘ஃபோப்பியஸ் அரிசானஸ்’ என்ற முட்டை ஒட்டுண்ணிக் குளவியை இசிப்பே ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுவந்து விட்டதும் இந்த ஒற்றுமையை நம்பித்தான்.

தோற்றுவாய் எங்கே என்ற கேள்விக்கு அண்மைய மரபணுத்தொகுதி ஆய்வுகள் பதில் தேடுகின்றன. பல நாடுகளிலிருந்து 487 ஈக்களின் மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டு 2023இல் வெளிவந்த ஆய்வு, தென்னிந்தியப் பகுதியையே இந்த இனத்தின் பிறப்பிடமாகக் காட்டியது. அப்படியானால் 1912இல் தைவானில் ‘மூலம்’ கொடுக்கப்பட்ட ஈயின் பெயர், அதன் பரவலின் ஒரு கிளைநுனியில் இருந்துதான் எடுக்கப்பட்டிருக்கிறது.

தமிழ்நாட்டு மாந்தோப்பில் மெத்தில் யூஜினால் பொறியைத் திறந்து பார்த்தால் டோர்சாலிஸ் மட்டும் இருக்காது. வெளிர் பழுப்பு உடலும் இறக்கை நுனியில் மட்டும் புள்ளியும் உள்ள ‘ஜோனேட்டா’வும், ‘கரெக்டா’வும், டோர்சாலிஸ் கூட்டத்தையே சேர்ந்த ‘கேரியே’யும் கலந்து விழும். இலங்கையில் கண்டியென்சிஸ் டோர்சாலிஸோடு ஒரே தோட்டத்தில் வாழ்ந்தும் தனித்தே நிற்கிறது. 1994இன் 40 புதிய பெயர்களில் பப்பாயே, பிலிப்பினென்சிஸ் ஆகிய இரண்டு கரைந்துவிட்டன என்பதால் மற்றவையும் கரையும் என்று எடுத்துக்கொள்வதற்கு இடமில்லை. அவற்றில் பெரும்பாலானவை பயிரைத் தொடாத காட்டு ஈக்கள், கூண்டுச் சோதனைக்கோ மரபணு ஒப்பீட்டுக்கோ பணம் ஒதுக்க யாருக்கும் காரணம் ஏற்படாதவை. 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் பழ ஈக்களைக் காரணம் காட்டி இந்திய மாம்பழத்தை நிறுத்தியபோது, தடையின் பொருளாக இருந்தது ஐரோப்பாவுக்கு அப்பாற்பட்ட பழ ஈக் குடும்பம் முழுவதும்தான், தனியொரு இனம் அல்ல. பெட்டியில் இருந்த புழுவை இனம்வரை அடையாளம் காண்பது கடினம் என்பதே அந்தப் பரந்த சொல்லுக்கு ஒரு காரணம்: திறவுகோல்கள் வளர்ந்த ஈயின் நிறத்தையும் உறுப்பளவையும் கேட்கின்றன, புழுவிடம் அவை இல்லை.